கேட்டால் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவி மாதேவியின் சீட்டு டெக்கிலிருந்து இரண்டு கார்டுகளை உருவிச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளியபோது, அதைத் திருட்டு என்று செந்தில்நாதன் நினைக்கவில்லை. திருத்தம் என்றுதான் நினைத்தார். ஹெப்பாளில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவர் அவர். கண்ணில் படுகிற எதையும் அப்படியே விட்டுவைப்பது அவருடைய கைக்குத் தெரியாத காரியம். ஒரு கல்யாண மண்டபத்தில், பெண்ணின் தகப்பனார் கண் கலங்கித் தாரை வார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருக்குப் பின்னால் சாய்ந்து தொங்கிய சாமி படத்தை எட்டி நேராக்கியவர். வீடியோவில் இன்னமும் மணப்பெண்ணைவிடத் தெளிவாக அவருடைய முழங்கை தெரிகிறது.

"ஏனுங்க, எத்தனை எடுத்தீங்க?"

குரல் சமையலறையிலிருந்து வந்தது. தோசைக்கல்லைப் பார்த்து நின்ற மாதேவி திரும்பவே இல்லை.

"எதை?"

"எதை எடுத்தீங்களோ, அதை."

"எடுக்கலை. ரெண்டு கார்டு சும்மா பார்த்தேன்."

"பேப்பருக்கு அடியில வெச்சுத்தான் பாப்பீங்களா? திருப்பி வைங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லீருங்க, நா டாக்டர்கிட்ட அவர்கூட ஆடறேன்னு சொல்லிப்போடறேன்."

செந்தில்நாதன் இரண்டையும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். எடுத்த இடம் எது என்று டெக்குக்குக் கவலை கிடையாது, எப்படியும் கலைக்கத்தான் போகிறார்கள். ஆனாலும் அதே இடத்தில் வைத்தார். தோற்றாலும் முறைப்படி தோற்கவேண்டும்.

இந்தச் சண்டையின் கனத்தைப் புரிந்துகொள்ள, அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மகன் மனோஜ்குமார் வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது, பெட்டியில் இடமில்லை என்று வீட்டில் விட்டுவிட்டுப் போன விளையாட்டு அது. மேசைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு சூப்பர் ஹீரோவை எடுத்துக்கொள்வார்கள். எதிரே ஒரு வில்லன். அவனை யாரும் ஆடவேண்டியதில்லை. அவனுக்கென்று தனியாக உள்ள கார்டுகள், சில அரசாங்க அலுவலகங்களைப்போல, தாமாகவே நடந்து எல்லாரையும் வதைக்கும். நாலு ஹீரோக்களும் சேர்ந்து அவனை அடக்கவேண்டும். ஜெயித்தால் நாலு பேருக்கும் ஜெயம், ஒரு ஹீரோ விழுந்தாலும் நாலு பேருக்கும் தோல்வி. அலமாரி நிறையக் கிடக்கும் கார்டுகளிலிருந்து தன் ஹீரோவுக்குத் தோதானதைப் பொறுக்கி ஒரு டெக் கட்டுவதுதான் இதில் உள்ள வித்தை. கட்டியதை, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பேக்கரி மாடியில் கூடி ஆடுகிறவர்களின் போன் குழுவில் எல்லாரும் பார்க்கப் போடுவார்கள். இன்னொருவர் அதை எடுத்து ஆடிப் பார்த்து, எப்படி இருந்தது என்று எழுதுவார். அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய குழம்பைப் பற்றிச் சொல்வதுபோல, சற்றே பார்த்து எழுதவேண்டிய விஷயம்.

செந்தில்நாதன் பார்த்து எழுதுகிறவர் இல்லை. அவர் தொழிற்சாலைப் பாணியில் அறிக்கை கொடுத்தார். 'பெருங்குறை', 'சிறுகுறை', 'மறுவேலைக்கு அனுப்பலாம்'. யாருடைய டெக்காக இருந்தாலும், ஆடுவதற்கு முன்பே அதில் ஏழெட்டுக் கார்டை மாற்றிவிடுவார். தோற்றால், அடிப்படையே சரியில்லை என்று எழுதுவார். ஜெயித்தால், மாற்றங்களுக்குப் பிறகு டெக் ஓரளவு தேறியது என்று எழுதுவார். இப்படி ஒரு பரிசோதனை முறையில் அவருடைய சொந்த டெக் மட்டும் குறையே இல்லாமல் விளங்கியதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அது 'ஆன்வில்' என்ற ஹீரோவின் டெக். பட்டறைக்கல் மாதிரி உடம்பு, தோள் அகலத்துக்கு நெஞ்சு, நெஞ்சு அகலத்துக்குத் தாடை.

மாதேவி கட்டியது 'மான்சூன்' என்ற மழைக்கார ஹீரோவின் டெக். சரஸ்வதிபுரத்தில் ஒரு பி.யூ. கல்லூரியில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு, வேதியியல் பாடம் எடுக்கிறவள். பரீட்சைத் தாள் திருத்தி முடித்த ஒரு விடுமுறையில் உட்கார்ந்து, சேர்த்து, எடுத்து, மறுபடி சேர்த்துக் கட்டினாள். கட்டிக் குழுவில் போட்டாள். குடும்பம் வேறு, தரம் வேறு என்பது செந்தில்நாதனின் கொள்கை. ஆகவே மனைவியின் டெக்குக்கு மற்ற எல்லாருடையதையும்விட நீளமான அறிக்கையை, எல்லாரும் படிக்கும்படி, குழுவிலேயே போட்டார். பதினாலு குறைகள். அதில் முதலாவது: 'இந்த டெக் பிறர் கேட்கும்வரை சும்மா காத்திருக்கிறது. பெருங்குறை.' கடைசியில், நடுநிலை தவறாமல் இருந்ததற்காகத் தன்னையே ஒரு வரியில் பாராட்டிக்கொண்டார்.

மாதேவி அதை ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரி மாடியில் வழக்கமான மேசைக்கு வந்து, தன் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். சமையல் நடந்தது, துணி துவைத்தாயிற்று, கொள்ளேகாலில் அவளுடைய சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே மொய்க்கவரில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஆனால் அவர் எதையாவது சுட்டிக்காட்டினால் மட்டும், "ரிப்போர்ட்டுல போட்டுருங்க" என்றாள். தொட்டி வழிகிறது என்றார். ரிப்போர்ட்டுல போட்டுருங்க. ரசத்தில் புளி தூக்கல் என்றார். ரிப்போர்ட்டுல போட்டுருங்க.

மகன் போனபிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது கேஸ் சிலிண்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் சுருங்கிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வந்த பிறகுதான் புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போதுகூட, "அந்தக் கடைசி ரவுண்டுல நாம மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தா" என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர் பிடித்துக்கொள்வார். அந்த 'நாம' இப்போது போய்விட்டது. செந்தில்நாதனுக்கு அது புரிந்தது. அதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்து மேசைக்குத் தலைவர் விஜய்குமார், பல் டாக்டர். அவருடைய தொழிலில் எதிராளியின் வாய் எப்போதும் திறந்திருக்கும், ஆனால் பதில் வராது. அந்தச் சௌகரியத்துக்குப் பழகிப்போய் எல்லா இடத்திலும் நிறுத்தாமல் பேசினார். ஒரு கார்டைக் கீழே வைப்பதற்குள் அதன் தத்துவம், தன்னுடைய சிங்கப்பூர் பயணம், பல் துலக்கும் சரியான கோணம் எல்லாம் வந்துவிடும். இப்படிப்பட்டவரோடு மாதேவி இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று செந்தில்நாதன் கணக்குப் போட்டார். அவள் தாக்குப்பிடித்ததோடு, அந்த மேசை ஜெயிக்கவும் ஆரம்பித்தது. பதினாலு குறையுள்ள அதே டெக்கோடு. பெங்களூரில் அடுத்த மாதம் இரண்டு நாள் சந்திப்பு, ஜோடி ஜோடியாக ஆடவேண்டும். டாக்டர் மாதேவியை ஜோடியாகக் கூப்பிட்டுவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுக்கவேண்டும்.

அதை மாதேவி வெள்ளிக்கிழமை காபியோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தாள். "நா இன்னும் சரின்னு சொல்லலீங்க. ஞாயித்துக்கிழமை என் டெக்கை நீங்க ஒருக்கா ஆடுங்க. எப்புடிக் கட்டியிருக்கோ அப்புடியே, ஒரு கார்டும் மாத்தாம. அடுத்தவங்க ஆட்டத்துல வாயைத் திறக்காம. உங்க டெக்கை நா அதே மாதிரி ஆடறேன். ஆடி முடிச்சுட்டு யார்கூடப் போறதுன்னு சொல்றேன்."

"இது என்ன பரீட்சையா?"

"ஆமாங்க. நா வாத்தியார்தானே."

பேக்கரி மாடிக்கும் பேக்கரிக்கும் சொந்தக்காரன் மஞ்சுநாத். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவன், அவன் தமிழில் பாதிக்குமேல் கன்னடம். அவனும் இந்த வாரம் எல்லாரும் அடுத்தவர் டெக்கைத்தான் ஆடவேண்டும், ஒரு கார்டும் மாறக்கூடாது என்று அறிவித்திருந்தான். இந்த விதி யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்று மாடியில் எல்லாருக்கும் தெரியும். செந்தில்நாதன் மட்டும், பொதுவாக ஒழுங்கு குறைந்துவருவதால் போட்டிருக்கிறான் என்று நினைத்துப் பாராட்டினார்.

"செந்தில் சார், இவத்து ரிப்போர்ட் இல்லா அல்வா, இன்னிக்கு இல்லைதானே?" என்றான் மஞ்சுநாத், கார்டுகளைக் கலைத்துக்கொண்டே.

"ஏய், நான் எழுதறது உங்க நல்லதுக்கு."

"ஹௌது, ஆமா சார். பல் டாக்டரும் அதேதான் சொல்லி புடுங்குவாரு."

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் கையில் மஞ்சுநாத்தின் டெக், மஞ்சுநாத் கையில் டாக்டருடையது. மாதேவி ஆன்வில். எதிரே வில்லன், 'பாரன் ரஸ்ட்' என்று பெயர். தொட்டதெல்லாம் துருப்பிடிக்கும். செந்தில்நாதன் தன் முதல் ஐந்து கார்டுகளை எடுத்துப் பார்த்தார். ஐந்தில் நாலு 'அழைப்பு' கார்டு.

அந்த வகைக் கார்டுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இன்னொரு ஆட்டக்காரர் வாய்விட்டு உதவி கேட்டால் மட்டுமே அதைப் போடலாம். போடுகிறவர், என்னிடம் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது. கேட்கிறவரும், என்ன வரும் என்று தெரியாமல்தான் கேட்கவேண்டும். செந்தில்நாதனின் பழைய மேசையில் இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. ஏனென்றால் அவர் ஒவ்வொரு ரவுண்டிலும், "காட்டு, உன் கையில என்ன வெச்சிருக்க?" என்று மாதேவியின் பக்கம் சாய்ந்து, அவள் கார்டுகளைத் தானே படித்து, "அது வேஸ்ட், அதுவும் வேஸ்ட், அந்த நீலத்தைப் போடு" என்று சொல்லி முடித்துவிடுவார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவேண்டிய நிலைமையே வராதபடி பார்த்துக்கொண்டார். அதைத் தலைமைப் பண்பு என்று நினைத்திருந்தார்.

தன் முறை வந்தது. அடிக்க ஒன்றும் இல்லை. மிஞ்சிய ஒரே மேகக் கார்டை எடுத்து வைத்துவிட்டு, "பாஸ்" என்றார். இந்தச் சொல்லை அவர் இந்த மாடியில் இதற்குமுன் உச்சரித்ததில்லை. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது மாதேவி. ஆன்வில் டெக்கில் கவசத்தை முதலில் மாட்டவேண்டும், அப்புறம்தான் அடிக்கவேண்டும். அவருக்கு அது அத்துப்படி. மாதேவி அடித்தாள், கவசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். செந்தில்நாதனின் உதடு அசையவில்லை. புருவம் மட்டும் மேலே ஏறி, கவசத்தைப் பார்த்து, இறங்கி, மறுபடியும் ஏறியது.

"புருவமும் வாய்தானுங்க," என்றாள் மாதேவி, கார்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேசை கலங்கித் தெரிந்தது. தவறுகள் தெரியாதபோது உலகம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தி.

டாக்டரின் முறையில் பாரன் ரஸ்ட் அவர்மேல் ஒரு பெரிய தாக்குதலைத் திருப்பினான். டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "செந்தில் சார்! செத்தேன்! உங்ககிட்ட ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சரி! ப்ளீஸ்!" பஸ் ஸ்டாண்டில் பர்ஸைப் பறிகொடுத்தவன் மாதிரி ஒரு கூச்சல். ஐம்பத்தைந்து வயது, சொந்தக் கிளினிக், இரண்டு கார். கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

செந்தில்நாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டுகளைப் பார்த்தார். 'குடை' என்ற ஒரு அழைப்புக் கார்டு இருந்தது. போட்டார். தாக்குதல் டாக்டருக்கு மேலே தட்டிச் சிதறிப்போயிற்று.

"சார்! தெய்வமே!" என்று டாக்டர் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எப்படி சார் சரியா அதை வெச்சிருந்தீங்க?"

தொழிற்சாலையில் அவர் சொன்னதைக் கேட்டு எத்தனையோ பல்சக்கரங்கள் திருந்தியிருக்கின்றன. எந்தப் பல்சக்கரமும் அவர் கையைப் பிடித்ததில்லை. யாரோ கேட்டார்கள், தன்னிடம் இருந்தது, கொடுத்தார். நெஞ்சுக்குள் என்னவோ இளகிப் பரவியது. இது சூடான காபியால்தான் என்று முதலில் நினைத்தார். காபி இன்னும் வரவில்லை. மறு ரவுண்டில் டாக்டர் மறுபடியும் கேட்டார், இவர் மறுபடியும் கொடுத்தார். மஞ்சுநாத்தும் ஒரு தடவை, "சார், சொல்ப காபாடி, கொஞ்சம் காப்பாத்துங்க" என்றான். கொடுத்தார். மாதேவி ஏன் பக்கத்து மேசைக்குப் போனாள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. பதினாலு குறை எழுதினதற்காக மட்டும் அவள் போகவில்லை.

ஆனால் மாதேவி அவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஆன்வில் டெக்கின் விசேஷம் அது. மற்றவர்கள்மேல் வரும் அடியை எல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும்படி அவர் அதைக் கட்டியிருந்தார். மஞ்சுநாத்துக்கு வந்ததை ஆன்வில் வாங்கினான். டாக்டருக்கு வந்ததில் பாதியை வாங்கினான். செந்தில்நாதனுக்கு வந்ததையும் குறுக்கே புகுந்து வாங்கினான். பாரன் ரஸ்ட் ஒவ்வொரு கவசமாகத் துருவாக்கி உதிர்த்தான். கவசத்தை முந்தியே மாட்டியிருந்தாலும் முந்தியே துருப்பிடித்திருக்கும் என்பது அவருக்கு இப்போது உறைத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து தன் டெக்கை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு கையையும் விரித்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு தடியன். அவனைத் தாண்டி வில்லனும் வரமுடியாது, கூட்டாளியும் போகமுடியாது. பெருந்தன்மை என்று அவர் நினைத்திருந்தது, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான்.

அவர் கையில் கார்டுகள் சேர்ந்துகொண்டே போயின. இன்னொரு 'குடை'. காயம் ஆற்றுகிற 'முதல் மழை'. இழந்த கவசத்தை மீட்டுத் தருகிற ஒன்று. மூன்றும் அழைப்புக் கார்டுகள். ஆன்வில்லுக்கு ஒரே ஒரு அடி தாங்கும் உயிர்தான் மிச்சம். மாதேவி தன் கார்டுகளை வரிசையாகப் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். நெற்றியில் வகிட்டுக்குக் கீழே வியர்த்திருந்தது. கேளு, என்று செந்தில்நாதன் மனசுக்குள் சொன்னார். ஒரு வார்த்தை. 'ஏனுங்க' என்று ஆரம்பித்தால்கூடப் போதும், மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன். கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியது. புருவத்தை அசைக்காமல் வைப்பதற்குத் தாடை வலித்தது. ஒரு தடவை தொண்டையைச் செருமவேண்டிய அவசியம் உண்மையாகவே வந்தது. அதையும் விழுங்கினார்.

"நா நிக்கறேன்," என்றாள் மாதேவி. வில்லனின் கார்டைத் திருப்பினார்கள். ஆன்வில் விழுந்தான். ஆட்டம் முடிந்தது, நாலு பேருக்கும் தோல்வி.

"சே!" என்றார் டாக்டர். "மேடம், பேசிக்கலி இந்த டெக்கோட பிலாசபி என்னன்னா..."

"டாக்டர், உங்க காபி ஆறுதுங்க."

டாக்டர் காபியை எடுத்துக்கொண்டார். வாய் ஒரு வேலையில் ஈடுபட்டதால் மேசை அமைதியாயிற்று.

"ஆனா மேடம், நீங்க ஒரு மாத்து, ஒரு வார்த்தை, கேட்டிருந்தா?" என்றான் மஞ்சுநாத்.

"எதுக்குக் கேக்கணும்? இந்த டெக்குல கேக்கற வேலையே கிடையாதுங்க. எப்புடிக் கட்டியிருக்கோ அப்புடித்தான் ஆடணும்னு பேச்சு."

செந்தில்நாதன் தன் கையிலிருந்த கார்டுகளைத் திருப்பி மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றாக, அவள் பக்கம் படிக்கும்படி. வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு விளக்கம் கொடுப்பார். இன்று வைத்ததோடு சரி.

மாதேவி குனிந்து படித்தாள். "இவ்வளவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்ப இருந்து?"

"நாலாவது ரவுண்டுல இருந்து."

அவள் 'முதல் மழை' கார்டின் ஓரத்தை நகத்தால் நீவினாள். "உங்க மேசையில ஒவ்வொரு வாரமும் நா இப்புடித்தான் உக்காந்திருந்தேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்று என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள், "ஆனா உங்களதும் லேசில்லீங்க. ஆடறப்போ கேக்கணும்னே தோணமாட்டேங்குது. எல்லாத்தையும் நாமளே தாங்கிக்கலாம்னு ஒரு இது வந்துருது. இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க எனக்கு. இதையா வாரா வாரம் ஆடிட்டிருந்தீங்க?"

அந்த டெக்கைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். சராசரித் தாக்கம் எவ்வளவு, கவசம் எத்தனை. இடுப்பு வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

டாக்டர் காபியை முடித்துவிட்டார். "அப்போ மேடம், பெங்களூருக்கு நம்ம பேரைக் கொடுத்துடலாமா?"

"கீழ போயிட்டு வந்து சொல்றேனுங்க," என்று எழுந்தாள் மாதேவி. ஆன்வில் டெக்கை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, கணவர் கையில் கொடுத்தாள். தன்னுடையதை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது எண்ணிப் பார்க்கவில்லை.

கீழே பேக்கரியில் காரா பன் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஹனி கேக், தில்பசந்து, பப்ஸ் எல்லாம் வரிசையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் வரவில்லை. மாதேவி பெட்டியின் ஓரமாக நின்று, ஒரு காபிக்குச் சொன்னாள். செந்தில்நாதன் பின்னாலேயே இறங்கி வந்து, இரண்டடி தள்ளி நின்றார். மாடிப்படியில் இறங்கும்போதே ஒரு பேச்சைத் தயார் செய்துவிட்டார். அறிக்கையைத் திரும்பப் பெறுவது, திருத்திய அறிக்கை வெளியிடுவது, அதில் முதல் குறையை நீக்கி மற்ற பதிமூன்றை மறுபரிசீலனைக்கு வைப்பது.

"அந்த ரிப்போர்ட்டை நான் வாபஸ்..."

"வேண்டாமுங்க. இருக்கட்டும். அதுல ஆறாவது சரிதான். நா மாத்திட்டேன்."

பேச்சு தீர்ந்துவிட்டது. தில்பசந்தைப் பார்த்தார். ஆறாவது எது என்று ஞாபகம் இல்லை. கேட்பது என்ற செயலை வாழ்க்கையில் எத்தனை தடவை செய்திருக்கிறோம் என்று யோசித்தார். காபி வேண்டும் என்று அவர் கேட்டதில்லை, இன்னும் காபி வரலை என்று குறிப்பிடுவார். உப்பு கொடு என்றதில்லை, உப்பு கம்மி என்பார். மகனிடம், எப்போ வருவே என்று கேட்டதில்லை. மூணு மாசமா போன் பண்ணலை என்று தெரிவித்தார். எல்லாம் அறிக்கை. டாக்டர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் கத்துவது தன்னால் ஆகாது. ஆனால் கத்தாமலும் கேட்கலாமே.

"மாதேவி."

"சொல்லுங்க."

"இந்த டெக்கு..." ரப்பர் பேண்டை இழுத்தார், விட்டார். "இதுல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. ரொம்ப நாளா தெரியலை. நீ கொஞ்சம் பாக்கறியா?"

வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சு வரைக்கும் பார்வையை ஓட்டி, யாராவது எழுந்திருக்கும்வரை சும்மா நிற்பாளே, அந்த மாதிரி நின்றாள். இந்தத் தடவை கேள்வி போட்டது அவர், நின்றது அவள். காபி வந்தது. வாங்கி, குடிக்காமல், ஓரத்தில் வைத்தாள்.

"குடுங்க," என்றாள்.

ரப்பர் பேண்டை வளையலோடு போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியின்மேல் கார்டுகளைப் பரப்ப ஆரம்பித்தாள். கவசங்கள் ஹனி கேக்குக்கு மேலே. அடிக்கிற கார்டுகள் பப்ஸுக்கு மேலே. பெட்டிக்கு நேர் மேலே மின்விசிறி முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் வரிசை எழும்பிப் பறக்கப் பார்த்தது. செந்தில்நாதன் சட்டென்று குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, இந்த ஓரத்தை ஒரு உள்ளங்கையாலும் அந்த ஓரத்தை இன்னொன்றாலும் அழுத்திக்கொண்டார். கன்னம் ஏறக்குறையக் கண்ணாடியில் படிந்திருந்தது.

"விசிறியை நிறுத்தச் சொல்லட்டா?" என்றாள்.

"பரவாயில்லை. நீ பாரு."

மாதேவி பார்த்தாள். ஒன்றை இடம் மாற்றினாள். ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாள், மறுபடி சேர்த்தாள். மாடிப்படியில் மஞ்சுநாத் பாதி இறங்கி வந்து, கையில் போனோடு, "மேடம், பெங்களூர்ல பேர் கேக்குறாங்க..." என்று ஆரம்பித்து, கீழே நடப்பதைப் பார்த்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டான். ஒரு பெரியவர் பையோடு உள்ளே வந்து, "ஒந்து காரா பன் கொடி" என்று ஒன்று கேட்டார். பெட்டியின்மேல் கவிழ்ந்திருந்த ஆளையும், விரல்களுக்கு நடுவே படபடத்துக்கொண்டிருந்த கார்டுகளையும் பார்த்து, அவசரம் இல்லை என்பதுபோல ஒதுங்கி நின்றார். மாதேவி வரிசையின் நடுவிலிருந்து ஒரு கவசத்தை உருவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அது இருந்த இடத்தில், கண்ணாடிக்குக் கீழே, ஹனி கேக்கின் மேலிருந்த சிவப்பு ஜாம் தெரிந்தது. செந்தில்நாதன் இரண்டு கையையும் எடுக்காமல், அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.